கொழும்புப் பழைய தபாற்கந்தோர்: பூட்டிக் கிடக்கிற கட்டிடத்துக்கு எதற்குப் பாதுகாப்பு?

நல்லூர்ப்பெடியன் | வெள்ளி, இரவு 9.14

போன கிழமை ஓர் அலுவலாகக் கொழும்புக்குப் போனேன். புறப்படும்போது அப்பா ஒன்று மட்டும் சொன்னார்: "கோட்டைப் பக்கம் போனால் எங்கட கந்தோரை ஒருக்கால் பார்த்துக்கொண்டு வா." ஜனாதிபதி மாளிகைக்கு எதிரில் இருக்கும் பழைய பெரிய தபாற்கந்தோரைத்தான் சொன்னார். 1974 தொடக்கம் அங்கே கிளாக்கராக இருந்தவர். 83 ஜூலையோடு ஊருக்கு வந்தார், பிறகு அந்தப் பக்கம் போகவேயில்லை.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று எட்டிப் பார்த்தேன். வெள்ளை முகப்பு, தூண்கள், நீளமான கட்டிடம். ஆனால் ஒரு தபாற்கந்தோருக்கு முன்னால் நிற்கிற உணர்வு வரவேயில்லை. உள்ளே போகிறவர் இல்லை, வெளியே வருகிறவர் இல்லை, வாசலில் விண்ணப்பம் நிரப்பித் தருகிற கிழவர் இல்லை. அது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம் என்று பிறகுதான் அறிந்தேன். சந்தோஷம். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் தபால் போகாத தபாற்கந்தோரில் எதைப் பாதுகாக்கிறார்கள்? அதை யார் கட்டியது, எப்போது, ஏன் பூட்டினார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

பனங்காய் | வெள்ளி, இரவு 9.40

ஒல்லாந்தர் கட்டினது தம்பி. இதற்கு ஆராய்ச்சி வேண்டாம். கந்தோர் என்பதே ஒல்லாந்துச் சொல். அவன் கட்டினபடியால்தான் அவன் பெயர் இன்னும் எங்கள் வாயில் நிற்கிறது.

மணிக்கூட்டடி | வெள்ளி, இரவு 10.32

பனங்காய் அண்ணை, சொல்லைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. கட்டிடத்தைப் பற்றிச் சொன்னது முழுக்கப் பிழை.

கந்தோர் ஒல்லாந்தச் சொல்தான். மேசை லாச்சியும் அவர்களுடையது. அந்த மேசைக்கு முன்னால் போடுகிற கதிரை போர்த்துக்கேயருடையது. இப்படிப் பார்த்தால் எங்கள் கந்தோருக்குள் இருக்கிற தளபாடமெல்லாம் ஒவ்வொரு கப்பலில் வந்திறங்கியதுதான். ஆனால் கொழும்புக் கட்டிடம் சுத்தமான ஆங்கிலேயர் காலத்துச் சரக்கு. பொது வேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த ஹேர்பேட் பிரெடெரிக் டொமலின் வரைந்தது, 1895இல் முடிந்தது. பாணி ஐரோப்பியச் செவ்வியல்: தூண், வளைவு, ஒரு பக்கத்தைப் போலவே மறுபக்கம். அந்தக் காலத்தில் வங்கி, நீதிமன்றம், தபாற்கந்தோர் மூன்றுக்கும் ஒரே உடுப்புத்தான் போட்டார்கள். "இங்கே காசும் கடிதமும் பத்திரமாக இருக்கும்" என்று தூண்களைக் கொண்டு சொல்ல வைத்தார்கள்.

உங்கள் மனம் நோகக் கூடாது என்று ஒன்று சொல்கிறேன் அண்ணை. எதிரில் இருக்கிற ஜனாதிபதி மாளிகை ஒல்லாந்தர் தொடர்புள்ளது. கடைசி ஒல்லாந்த ஆளுநர் அங்கெல்பெக்கின் வீடு இருந்த இடம் அது. வீதியின் பெயர் ஆங்கிலேயர் காலத்தில் குயின்ஸ் வீதி. ஆகவே நீங்கள் வீதியின் மற்றப் பக்கத்தைப் பார்த்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

வரைந்தவரைவிடக் கட்டியவர் எனக்கு முக்கியம். அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். கொழும்பு அருங்காட்சியகத்தை 1876இல் கட்டி முடித்தவரும் அவரே. அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆளுநர் கிரெகரி, "உமக்கு என்ன வேண்டும், கேளும்" என்றாராம். மனுஷன் பட்டமும் கேட்கவில்லை, காணியும் கேட்கவில்லை. "வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகத்தைப் பூட்டிவிடுங்கள்" என்றாராம், ஜும்ஆவுக்காக.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். அந்த அருங்காட்சியகத்தை வரைந்தவர் ஜே. ஜி. ஸ்மிதர். எங்கள் மணிக்கூட்டுக் கோபுரத்தை வரைந்தவரும் அதே ஸ்மிதர்தான். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்த ஞாபகமாக 1882இல் எழுப்பியது. அதாவது நூலகத்துக்குப் போகிற வழியில் தினமும் தலையை நிமிர்த்தி நேரம் பார்க்கிற நாங்கள், அதே திணைக்களத்தின் வரைபலகையில் பிறந்த ஒன்றைத்தான் பார்க்கிறோம். நல்லூர்ப்பெடியன், உங்கள் அப்பாவின் கந்தோர் எங்கள் கோபுரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை.

பனங்காய் | வெள்ளி, இரவு 10.41

சரி சரி, ஒத்துக்கொள்கிறேன். லாச்சி நல்ல தகவல்.

தூரதேசம் | சனி, காலை 6.05

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். கட்டிடக்கலை எனக்கு விளங்காது. ஆனால் "கொழும்பு ஜி.பி.ஓ." என்ற முத்திரை குத்திய நீலக் கடிதங்கள் ஒரு சூட்கேஸ் நிறைய இன்னும் வைத்திருக்கிறேன். அம்மா எழுதியவை. போரால் ஊருக்கான தரைப்பாதை பூட்டியிருந்த காலம், கப்பல் வந்தால்தான் கடிதம். மாரி முடிந்ததா என்று கேட்டு எழுதுவேன், பதில் வரும்போது அடுத்த மாரி தொடங்கியிருக்கும். முத்திரையில் இருக்கிற தேதியைத்தான் முதலில் பார்ப்பேன், பிறகுதான் உறையைக் கிழிப்பேன்.

கந்தோர்க்கிளாக்கர் | சனி, காலை 7.50

நான் ஓய்வுபெற்ற தபால் ஊழியன். கொழும்பிலும் இருந்தேன், ஊரிலும் இருந்தேன். விரல் மெல்லத்தான் தட்டும், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டிடம் 1895 என்று தம்பி எழுதியிருக்கிறார். அதில் ஒரு விசேஷம் இருக்கிறது. வடக்குக்கான றெயில்பாதை கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை முழுசாக ஓடத் தொடங்கியது 1905இல். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை 1902இலேயே ஓடிவிட்டது, ஆனால் நடுவில் பாதை இல்லை. ஆகவே அந்தத் தபாற்கந்தோர் எழும்பிய முதல் பத்து வருஷமும் யாழ்ப்பாணத்துப் பை முழுவழியும் றெயிலில் வரவில்லை. அதற்கும் முந்தைய காலத்தில் தபால் ஓட்டக்காரர் தோளில் பையைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். கண்டி வீதியில் 1832இல் குதிரைத் தபால் வண்டி ஓடியது, ஆசியாவிலேயே முதலாவது என்பார்கள். அந்த வீதியைப் போடுவித்த ஆளுநர் பார்ன்ஸின் சிலை தபாற்கந்தோருக்கு எதிரிலேதான் நிற்கிறது. கொழும்பிலிருந்து ஊர்களுக்கு மைல் கணக்குப் பார்ப்பது அந்தச் சிலையிலிருந்து என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். எல்லாத் தூரமும் எங்கள் வாசலில் தொடங்குகிறது என்று ஒரு பெருமை எங்களுக்கு.

முத்திரை அதற்கு எவ்வளவோ முந்தியது. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வந்தது. விக்டோரியா இராணியின் தலை, ஆறு பென்ஸ். இங்கிலாந்துக்கு அரை அவுன்ஸ் கடிதம் அனுப்புவதற்கான கட்டணம் அது. ரூபாயும் சதமும் வந்தது 1872இல்தான்.

இனி வேலை. வெளியே தூண் இருக்கலாம், உள்ளே எங்களுக்குத் தெரிந்தது புறாக்கூடுதான். சுவரளவு மரச்சட்டம், அதில் சதுரம் சதுரமாகப் பொந்துகள், ஒவ்வொரு பொந்தும் ஓர் ஊர். வடக்குப் பொந்துக்கு முன்னால் நிற்கிறவனுக்கு முகவரி வாசிக்கத் தெரிந்தால் போதாது, மனுஷர் எப்படிப் பிழை விடுவார்கள் என்றும் தெரிய வேண்டும். அளவெட்டியை அல்வாய்க்குள் போட்டால் கடிதம் ஒரு நாள் சுற்றும். கொக்குவில் இங்கேயும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. காரைநகரை எடுங்கள். அதன் பழைய பெயர் காரைதீவு. கிழக்கிலும் ஒரு காரைதீவு இருந்ததால் இங்கேயுள்ளது 1920களில் காரைநகர் ஆனது. ஓர் ஊர் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. அந்தக் குழப்பத்தின் அருமை பொந்துக்கு முன்னால் நின்றவனுக்குத்தான் தெரியும்.

பின்னேரமானால் பை கட்டுவோம். சணல் கயிறு, ஈயத் துண்டு, குறடால் ஒரு நெரி. அரக்கு உருகுகிற மணம் சட்டையில் ஏறினால் இரண்டு தோய்ச்சலுக்குப் போகாது. பிறகு கோட்டை ஸ்டேசனுக்கு. இரவுத் தபால் வண்டியில் கடிதம் பிரிக்கவென்றே பெட்டி இருந்தது. றெயில் ஆட ஆட நின்றபடி பிரிப்பார்கள். விடியும்போது யாழ்ப்பாணம், பத்து மணிக்குத் தபாற்காரர் உங்கள் படலையில் மணி அடிப்பார்.

நல்லூர்ப்பெடியன், அப்பா எந்தப் பகுதியில் இருந்தவர்? பதிவுத்தபாலா, காசுக்கட்டளையா?

மேசன்_இணுவில் | சனி, பகல் 1.20

நான் பழைய வீடு திருத்துகிற வேலை செய்கிறவன். கேள்விக்கு என் பக்கத்திலிருந்து ஒரு பதில்.

பூட்டி வைத்தால் கட்டிடம் பத்திரமாக இருக்கும் என்று நினைப்பது பெரிய மடைத்தனம். அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லோ எங்கள் ஊரில் போல முருகைக்கல்லோ, அது சுண்ணாம்பில் நிற்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் காற்றுப்பட்டால் விட்டுவிடும். யன்னலைத் திறந்து பூட்ட ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் உறிஞ்சின ஈரம் உள்ளேயே நிற்கும். முதலில் பூச்சு பொம்மும், தட்டினால் வெறும்பானைச் சத்தம் கேட்கும். அடுத்தது பீலி. ஒரு மாரிக்கு இலை அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். காகம் எச்சமிட்ட இடத்தில் ஓர் அரசங்கன்று முளைக்கும். இரண்டு இலையோடு இருக்கும்போது விரலால் பிடுங்கலாம். இரண்டு வருஷம் விட்டால் வேர் கல்லுக்குள் போய்விடும், அதைப் பிடுங்க வெளிக்கிட்டால் சுவரும் சேர்ந்து வரும்.

அதைவிடக் கெடுதி, அவசரத்துக்குச் சீமெந்து பூசுவது. போன வருஷம் ஒரு பழைய வீட்டில் பார்த்தேன். யாரோ வெடிப்பு மறையட்டும் என்று சீமெந்தால் இழைத்திருந்தார்கள். வெளியே கண்ணாடி மாதிரி. உளியை வைத்ததும் தகடாகக் கழன்றது. பின்னால் இருந்த முருகைக்கல்லைக் கையால் கிள்ளி எடுக்கலாம், நனைந்த பாணைப் போல. சீமெந்து ஈரத்தை வெளியே விடாது, கல் உள்ளுக்குள்ளேயே உக்கிவிடும். என் பாட்டா சுண்ணாம்பைக் கிழமைக்கணக்கில் ஊறவைத்துப் பனங்கட்டித் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் விட்டு அரைத்தவர். இன்றைக்கு அதற்கு ஆளும் இல்லை, காத்திருக்கிறவரும் இல்லை.

கொழும்புக் கட்டிடத்துக்குள் நான் போனதில்லை, அதன் நிலைமை பற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கட்டிடமானாலும் ஆட்கள் நடமாடினால்தான் அதற்கு ஆயுசு. அது மட்டும் நிச்சயம்.

பனங்காய் | சனி, பகல் 2.02

மேசன் தம்பி சொன்னதுதான் என் வாதத்துக்கும் ஆதாரம். ஆட்கள் வேண்டுமென்றால் ஹோட்டலுக்குக் கொடுங்கள்! பக்கத்திலேயே ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி இருக்கிறது. (அது உண்மையிலேயே ஒல்லாந்தர், மணிக்கூட்டடி தம்பி கவனிக்கவும்.) 2011இல் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளுமாகத் திறந்தார்கள். இன்றைக்கு ஓடு ஒழுகாமல் பெயின்ற் மங்காமல் இருக்கிறது. தபால் யார் அனுப்புகிறார்கள் இப்போது? என் மகளுக்கு முத்திரையை நக்கி ஒட்டுவது என்றால் என்னவென்றே தெரியாது.

தூரதேசம் | சனி, பகல் 2.30

அண்ணை, ஐம்பது டொலருக்கு நண்டு சாப்பிட்டுவிட்டு "இதுதான் உங்கள் பாட்டா காசுக்கட்டளை மாற்றின இடம்" என்று பிள்ளைக்குக் காட்டச் சொல்கிறீர்களா?

பனங்காய் | சனி, பகல் 2.33

காட்டுவதற்கு இடமாவது இருக்குமே.

வட்டுக்கோட்டையாள் | சனி, மாலை 5.18

ஹோட்டல் கதையை எடுத்தபடியால் நுவரெலியாவை மறக்க வேண்டாம். அங்கேயுள்ள தபாற்கந்தோர் 1894. கொழும்புக்கு ஒரு வருஷம் மூத்தது, சாயலில் ஒட்டாது. செங்கல், கூரான கூரை, மணிக்கூட்டுக் கோபுரம், இங்கிலாந்துக் கிராமத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்து வைத்தது மாதிரி. அதைச் சுற்றுலாத்துறைக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். சம்பளத்துக்காக அல்ல, ஒரு கட்டிடத்துக்காக. ஏன்? அங்கே இன்னும் முத்திரை விற்கிறார்கள். கதவு திறந்திருக்கிற கந்தோரைக் கேட்டால் சண்டை வரும். பூட்டின கந்தோருக்கு யார் தெருவில் இறங்குவார்கள்?

நல்லூர்ப்பெடியன் தம்பி, பாதுகாப்பு என்றால் என்ன என்று கேட்டீர்கள். என் வேலை சட்டத்தோடு சம்பந்தப்பட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். அடிப்படை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். அதில் பழமைக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்: 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்தியது என்றால் ஒரு கணக்கு. 1895இல் கட்டியது அந்தக் கோட்டுக்குள் தானாக வராது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று வர்த்தமானியில் பெயர் வர வேண்டும். வந்துவிட்டால் தொல்லியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதியில்லாமல் இடிக்கவோ மாற்றவோ முடியாது. நல்ல விஷயம்தான். ஆனால் கவனியுங்கள், அந்தச் சட்டம் சொல்வதெல்லாம் "செய்யாதே". யன்னலைத் திற, பீலியைத் துப்புரவாக்கு, உள்ளே ஒரு கவுண்டர் நடத்து என்று அது யாரையும் நிர்ப்பந்திக்காது.

இதற்குக் கொழும்புக்குப் போகவே தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் பழைய பூங்காவில் நிற்கிற பழைய கச்சேரியை, அதாவது அரசாங்க அதிபரின் கந்தோரைப் பாருங்கள். டைக் துரை நாற்பது வருஷத்துக்குக் கிட்ட அரசாங்க அதிபராக இருந்து ஆண்ட வளவு அது. போரில் கூரை போனது, தூண்களும் சுவர்களும் மிஞ்சின. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் 1990இல் அதுவும் இல்லாமல் போனது. எங்கள் கட்டிடங்கள் குண்டால் போயின. கொழும்புக் கந்தோர் பூட்டால் போகப் பார்க்கிறது.

மணிக்கூட்டடி | சனி, மாலை 6.44

அக்கா, பூட்டு ஏன் விழுந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1996 ஜனவரி 31, மத்திய வங்கிக் குண்டு. அது வெடித்தது இதே ஜனாதிபதி மாவத்தையில். அதற்குப் பிறகு அந்த வீதியில் பொதுசனம் நடமாடுவதே கஷ்டமாகிவிட்டது. நாள் முழுக்க ஆயிரம்பேர் பையோடும் பார்சலோடும் வந்துபோகிற கந்தோர், நாட்டின் தலைவர் இருக்கும் மாளிகைக்கு நேர் எதிரில்! 2000ஆம் ஆண்டு பாதுகாப்பைக் காரணங்காட்டித் தபாற்கந்தோரை டி. ஆர். விஜேவர்தன மாவத்தைக்குக் கொண்டுபோனார்கள்.

ஆகவே முதற்பதிவில் கேட்ட கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடலாம். பாதுகாப்புக்காக ஆட்களை வெளியே அனுப்பினார்கள். பிறகு கட்டிடத்துக்குப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்.

கந்தோர்க்கிளாக்கர் | சனி, இரவு 8.10

பனங்காய்த் தம்பிக்கு: தபால் யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டீர். ஓய்வூதியக் காசு எடுக்க மாதாமாதம் எங்கள் உப தபாற்கந்தோரில் நிற்கிற வரிசையை ஒருநாள் வந்து பாரும். பதிவுத்தபாலில் வழக்குக் கடிதம், பரீட்சை அட்மிஷன் எல்லாம் இன்னும் வருகிறது. நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பெரிய மண்டபத்தில் மூலையில் ஒரு கவுண்டர். முத்திரை விற்க ஒருவர், திகதி முத்திரை குத்த ஒருவர். மிச்ச இடத்தை அருங்காட்சியகமாக்கு, தேத்தண்ணிக்கடை போடு, எனக்குக் கவலையில்லை. "கொழும்பு 00100" என்று குத்துகிற சத்தம் உள்ளே கேட்டால் அது தபாற்கந்தோர்.

பனங்காய் | சனி, இரவு 8.25

தேத்தண்ணிக்கடைக்கு ஐயாவே சம்மதம் சொல்லிவிட்டார். அப்படியென்றால் நான் பாதி வென்றுவிட்டேன்.

மேசன்_இணுவில் | சனி, இரவு 8.31

சீமெந்து பூசாமல் போடட்டும்.

நிர்வாகம் | சனி, இரவு 9.00

நண்டு விலை பற்றிய மூன்று பதிவுகள் வேறு இழைக்கு நகர்த்தப்பட்டுள்ளன.

நல்லூர்ப்பெடியன் | ஞாயிறு, காலை 10.22

எல்லாவற்றையும் காலையில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிளாக்கர் ஐயா, அவர் பதிவுத்தபாலில்தான் இருந்தாராம். காரைநகர் விஷயத்தில் தலையாட்டினார். அரக்கு மணம் என்றதும் சிரித்துவிட்டார். "இரண்டு தோய்ச்சலா? கொம்மா மூன்று தரம் தோய்ப்பா" என்றார். வாப்பிச்சி மரிக்காரின் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். ஒன்பது வருஷம் அந்தக் கூரைக்குக் கீழே இருந்தவர்.

பிறகு கரண்ட் பில்லைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் கீறத் தொடங்கினார். வீதிப் பக்கம், கவுண்டர் வரிசை, தன் கதிரை, பக்கத்தில் காலியில் இருந்து வந்த நண்பரின் கதிரை. பை வைக்கிற மேசை. காலைவெயில் விழும் யன்னல். கதிரையை இரண்டு தரம் அழித்துக் கீறினார். மாடிப்படிக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று கால்மணித்தியாலமாகக் கையை அப்படியும் இப்படியும் வைத்துப் பார்க்கிறார். நான் தூரத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டினேன். "இது வெளிப்பக்கம், இதில என்ன தெரியும்" என்று ஃபோனைத் தள்ளிவிட்டார்.

ஐயா, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

கந்தோர்க்கிளாக்கர் | ஞாயிறு, காலை 10.40

இருக்கிறது. ஆனால் எழுதினால் விளங்காது, எந்த வாசலால் உள்ளே வந்தவர் என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும். உங்கள் நம்பரைத் தனிமடலில் போடும் தம்பி. அப்பா மத்தியானம் நித்திரை கொள்கிறவரா? நாலு மணிக்குப் பிறகு எடுக்கிறேன். பில்லை எறிந்துவிட வேண்டாம்.